சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட். காலை 9.00 மணிக்குப் புறப்பாடு, 10.30க்கு வருகை என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். திரும்பி வரும் டிக்கெட்டில் காலை 11.30க்குப் புறப்பாடு, மாலை 6.00க்கு வருகை. போக ஒன்றரை மணி நேரம், வர ஆறரை மணி நேரமா? முதல் முறை பயணம் போகிறவர்கள், அதிலும் வயதானவர்கள், இதைப் பார்த்துக் குழம்பத்தான் செய்வார்கள். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அந்த இரண்டரையைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள். இரண்டு பக்கமும் நான்கு மணி நேரம் என்று வந்துவிடும்.

இந்த இரண்டரை மணி நேரம்கூட எப்போதும் இருந்ததில்லை. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்குடன் ஒரே நேரத்துக்கு வந்தது. அதற்கு முன்பு இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்தான். அந்தக் காலத்து டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் வீடுகளில் அதை எடுத்துப் பார்த்தால் கணக்கு அரை மணி நேரம் இடிக்கும். காரணம் இதுதான்.

சரி, நேர வித்தியாசம் தீர்ந்தது. இனிமேல்தான் சிக்கலே. இணையத்தில் இரண்டு ஊருக்கும் இடையே தூரம் தேடினால் ஒரு தளம் 2,630 என்கிறது, இன்னொன்று 1,634 என்கிறது, மூன்றாவது 1,420 என்கிறது. பறக்கும் நேரம் என்று ஒன்று 3 மணி 10 நிமிடம் காட்டுகிறது, வேறொன்று 3 மணி 45 நிமிடம். டிக்கெட் சொல்வது நான்கு மணி நேரம். விமானத்தில் ஏறி உட்கார்ந்தால் விமானி ஒலிபெருக்கியில் இன்னொரு கணக்கைச் சொல்கிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு ஒன்றை அளந்து சொல்கிறார்கள், எதை அளந்தோம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களைத் தனியாக ஏற்றி அனுப்புகிற ஒரு சமூகத்துக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து எங்கே?

முதலில் அந்த மூன்று தூரங்கள். 2,630 என்பது கிலோமீட்டர். 1,634 என்பது தரை மைல். 1,420 என்பது கடல் மைல். மூன்றும் ஒரே தூரம்தான். விமானிகளும் கப்பல்காரர்களும் கடல் மைலைப் பயன்படுத்துகிறார்கள்; ஒரு கடல் மைல் சரியாக 1,852 மீட்டர். இந்த அளவு பூமியிலிருந்தே வந்தது. வடக்குத் தெற்காக ஒரு பாகையை (டிகிரியை) 60 கலைகளாக (கோண நிமிடங்களாக) பிரித்தால் ஒரு கலைக்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல். கடிகாரத்தையும் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு கடலில் வழி கண்டுபிடித்தவர்களுக்கு இது மிகவும் வசதியாக இருந்தது, அதனால் விமானத்துக்கும் அதுவே வந்து சேர்ந்தது. வெறுமனே 'மைல்' என்று எழுதியிருந்தால் எந்த மைல் என்று பார்க்காமல் நம்பக் கூடாது.

அடுத்த கேள்வி, அந்த 2,630 கிலோமீட்டர் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை? ஊரின் நடுவிலிருந்து இல்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பெரும்பாலும் ஓடுபாதைகளுக்கு நடுவில் எங்கோ இருக்கும் அந்தப் புள்ளியின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அந்தந்த நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் வெளியிடுகிறது. தூரக் கணக்கெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். நீங்கள் ஏறும் வாசல் அந்தப் புள்ளியிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் தள்ளியிருக்கலாம், அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1998 ஜூன் வரை கோலாலம்பூரின் பெரிய விமான நிலையம் சுபாங்கில் இருந்தது. பிறகு சிப்பாங்கில் கட்டிய அனைத்துலக விமான நிலையத்துக்கு மாறியது. இரண்டு நிலையங்களின் இருப்பிடத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், சுபாங்கிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,595 கிலோமீட்டர், சிப்பாங்கிலிருந்து 2,630. எந்த ஊரும் இடம்பெயரவில்லை, ஆனால் 'கோலாலம்பூர் – சென்னை தூரம்' ஒரே மாதத்தில் 35 கிலோமீட்டர் கூடிவிட்டது. 1998க்கு முந்தைய புத்தகம் ஒன்றில் வேறு எண்ணைப் பார்த்தால் அது அச்சுப் பிழையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நகரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் சேர்ந்தது. கே.எல். சென்ட்ரலிலிருந்து சிப்பாங்குக்கு விரைவு ரயில் பாதை 57 கிலோமீட்டர், 28 நிமிடப் பயணம். எந்தத் தூரக் கணக்கிலும் இது வராது.

இதே முறையில் பார்த்தால் வேறு சில எண்களும் சுவாரசியமானவை. பாயான் லெப்பாஸிலிருந்து, அதாவது பினாங்கிலிருந்து, சென்னை ஏறக்குறைய 2,365 கிலோமீட்டர்தான். கோலாலம்பூரைவிட 265 கிலோமீட்டர் குறைவு. திருச்சி சென்னைக்குத் தெற்கே இருப்பதால் நமக்குச் சென்னையைவிடக் கிட்டத்தில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. கோலாலம்பூரிலிருந்து திருச்சி 2,690 கிலோமீட்டர், சென்னையைவிட 60 கிலோமீட்டர் அதிகம். தெற்கே இறங்கியதில் கிடைத்த லாபத்தை மேற்கே தள்ளிப் போனது விழுங்கிவிடுகிறது.

உருண்டையில் நேர்கோடு

இவை எல்லாமே பெருவட்டத் தூரங்கள். பூமியின் மையத்தின் வழியாக வெட்டினால் கிடைக்கும் வட்டம் பெருவட்டம். உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறைந்த வழி எப்போதும் அதன் மேல்தான் இருக்கும். பள்ளிக்கூடத்து உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலின் இரு முனைகளையும் கோலாலம்பூரிலும் லண்டனிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் வங்காள விரிகுடாவைக் கடந்து, கிழக்கு இந்தியாவில் நுழைந்து, டெல்லிக்கு வடக்கே ஏறி, ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், காஸ்பியன் கடலின் வட முனை, ரஷ்யா, உக்ரேன், போலந்து என்று போய் லண்டனைத் தொடும். நீளம் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர்.

சுவரில் மாட்டும் தட்டையான உலக வரைபடத்தில் அதே இரண்டு ஊர்களுக்கும் நடுவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அந்த வழி இவ்வளவு வடக்கே ஏறாது. பார்வைக்கு அதுதான் நேராகத் தெரியும். ஆனால் திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டில் பறந்தால் தூரம் 11,000 கிலோமீட்டரைத் தாண்டும். ஏறக்குறைய 440 கிலோமீட்டர் வீண். விமானத் திரையில் தெரியும் வளைந்த கோட்டைப் பார்த்து "ஏன் இப்படிச் சுற்றிப் போகிறான்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வளைந்திருப்பது வரைபடம்.

கோலாலம்பூர் – சென்னைக்கு இந்த வித்தியாசம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தட்டை வரைபடம் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. நம் பகுதியிலேயே பயணம் செய்து பழகியவர்களுக்கு ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் வழி விசித்திரமாகப் படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூமி சரியான உருண்டையும் இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. பெரும்பாலான இணையக் கணக்கிகள் சராசரியாக 6,371 என்று வைத்துக்கொண்டு போட்டுவிடுகின்றன. இதனால் வரும் பிழை அரை சதவீதத்துக்கு மேல் போகாது. பயணிக்கு அது போதும். நில அளவைக்காரர்களுக்குப் போதாது, அவர்கள் துருவங்களில் சற்றுத் தட்டையான உருண்டைக்கான நுட்பமான சூத்திரங்களைப் பயன்படுத்துகிறார்கள்.

வானத்தில் சாலைகள்

விமானம் அந்த நூல் கோட்டிலேயே பறப்பது அபூர்வம். வானத்தில் குறித்து வைத்த வழிகள் இருக்கின்றன. மலாக்கா நீரிணையின் வட வாசலிலிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியா நோக்கிப் போகும் வழிகளில் ஒன்றின் பெயர் என்571. அதன் மேல் வாம்பி, மேக்கார், நிலாம், இகோகு என்று வரிசையாகப் புள்ளிகள். கடலுக்கு மேலே வெறும் காற்றில் இருக்கும் இடங்கள் இவை. ஐந்து ஆங்கில எழுத்துகளில், வானொலியில் வாயால் சொல்ல வருகிற மாதிரி ஆக்கிய பெயர்கள்.

இந்தச் சுற்று வழியால் தூரம் ரொம்பக் கூடிவிடுமோ என்று நினைக்கலாம். கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 2,630 கிலோமீட்டர் பயணத்தின் சரியாக நடுவழியில் விமானம் பக்கவாட்டில் 100 கிலோமீட்டர் விலகிப் போய்த் திரும்பினாலும், மொத்தத் தூரத்தில் கூடுவது 8 கிலோமீட்டருக்கும் குறைவு. அதாவது அரை நிமிடப் பறப்பு. இடிமேகத்தைச் சுற்றிப் போவதற்கு விமானிகள் தயங்காததற்கு இந்தக் கணிதமும் துணை. நேரம் கூடுவது விலகலின் கோணம் பெரிதாகும்போதுதான், அது பெரும்பாலும் பயணத்தின் இரண்டு முனைகளில் நடக்கிறது.

நம் விமான நிலையத்தையே பாருங்கள். சிப்பாங்கில் மூன்று ஓடுபாதைகள், மூன்றும் ஏறக்குறைய வடமேற்கு – தென்கிழக்காகக் கிடக்கின்றன. சென்னையிலிருந்து வரும் விமானம் வடமேற்கிலிருந்து வருகிறது. அன்றைக்குக் காற்று பார்த்துத் தென்கிழக்கு நோக்கி இறங்கச் சொன்னால், வந்த திசையிலேயே நேராக இறங்கிவிடலாம். வடமேற்கு நோக்கி இறங்கச் சொன்னால், விமானம் நிலையத்தைத் தாண்டிப் போய், திரும்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அதற்கே கூடுதலாகச் சில நிமிடங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் கீழே செம்பனைத் தோட்டங்கள் ஒரு முறை இடது பக்கமும் மறுமுறை வலது பக்கமும் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். தூரக் கணக்கிக்கு இந்தத் திருப்பம் தெரியாது.

அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கரியமில வாயுவைக் கணக்கிடும்போது இதற்காகவே ஒரு திருத்தம் சேர்க்கிறது. 550 கிலோமீட்டருக்குக் குறைவான பயணத்துக்குப் பெருவட்டத் தூரத்துடன் 50 கிலோமீட்டர், 550 முதல் 5,500 வரை 100 கிலோமீட்டர், அதற்கு மேல் 125 கிலோமீட்டர். கோலாலம்பூர் – சென்னையை அந்த முறையில் 2,730 என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணையும் நீங்கள் எங்காவது சந்திக்கலாம்.

நாடுகளின் சண்டை வேறு விதமான விலகல். மேலே சொன்ன லண்டன் நூல் உக்ரேன் வழியாகப் போகிறது இல்லையா? 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த எம்.எச்.17 கிழக்கு உக்ரேனின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, 298 பேர் உயிரிழந்தார்கள். மிகக் குறைந்த வழி என்பது கணிதம் தரும் விடை. அந்த வழியில் பறக்கலாமா என்பது மனிதர்கள் எடுக்க வேண்டிய முடிவு. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரேனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. ஐரோப்பா போகும் விமானங்கள் தெற்கே சாய்ந்து போகின்றன. அந்தக் கூடுதல் நிமிடங்களைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

நான்கு கடிகாரப் புள்ளிகள்

இப்போது நேரம். நிறுத்தத்தில் நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ரப்பர் கட்டை, பளிச்சென்ற நிறத்தில். புறப்படும் முன்பு ஒளிரும் சட்டை போட்ட ஊழியர் ஒருவர் குனிந்து அதை இழுத்து எடுப்பார். பயணத்தின் கடிகாரம் அந்த இடத்தில் ஓடத் தொடங்குகிறது. இன்றைக்கு நிறுத்துவிசையை விடுவித்ததுமே விமானத்தின் கணினி அதைத் தானாகக் குறித்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறது என்றாலும், பழக்கம் அந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான்.

மொத்தம் நான்கு நேரங்கள் பதிவாகின்றன. நிறுத்தத்தை விட்ட நேரம், சக்கரம் தரையை விட்ட நேரம், சக்கரம் மறுபடி தரையைத் தொட்ட நேரம், போய் நிறுத்தத்தில் நின்ற நேரம். டிக்கெட்டில் இருக்கும் நான்கு மணி நேரம் முதலாவதிலிருந்து நான்காவதுவரை. இதை விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். விமானி "இன்று நம் பறக்கும் நேரம் 3 மணி 20 நிமிடம்" என்று சொல்வது இரண்டாவதிலிருந்து மூன்றாவதுவரை. இணையக் கணக்கி காட்டும் 3 மணி 10 நிமிடம் இந்த நான்கில் எதையும் தொடாதது. 2,630ஐ மணிக்கு 830 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால் வரும் விடை, அவ்வளவுதான். சராசரிப் பயணிகள் விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும் வேகம் அது. ஆனால் எந்த விமானமும் தரையிலிருந்தே 830இல் புறப்படுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கு ஒரு கால் மணி நேரம் வைக்கலாம். வாசலிலிருந்து ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போக இன்னொரு கால் மணி நேரம். முன்னால் நான்கு விமானங்கள் வரிசையில் நின்றால் அதற்கு மேலும். இறங்கிய பிறகு வாசலுக்கு ஐந்து, பத்து நிமிடங்கள். கூட்டிப் பாருங்கள், நான்கு மணி நேரத்தை நெருங்கிவிடும்.

இந்தக் கூடுதல்கள் தூரத்தோடு வளர்வதில்லை, அதனால் குறுகிய பயணத்தில் கணக்கி முழுக்கத் தோற்றுவிடும். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு பெருவட்டத்தில் ஏறக்குறைய 325 கிலோமீட்டர். 830ஆல் வகுத்தால் 23 அல்லது 24 நிமிடம். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் இருக்கும். பாதிக்கு மேல் நேரம் தரையிலும் ஏறி இறங்குவதிலும் போகிறது.

விமான நிறுவனங்கள் பிளாக் டைமில் கொஞ்சம் தாராளமாகவே நிமிடங்களைச் சேர்த்து வைக்கின்றன என்பதும் உண்மை. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் அது நேரத்துக்கு வந்ததாகத் துறையில் கணக்கு. அட்டவணையில் இடம் விட்டு வைத்தால், 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் 'சீக்கிரமாக' வந்து சேர முடியும். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு நம்பகமான நேரம் பயன்படும். ஆனால் எதிர்பார்க்கும் பறக்கும் நேரத்தையும் பக்கத்தில் அச்சிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு வரிக்கு இடமில்லாத டிக்கெட் எதுவும் இல்லை.

ஆடிக் காற்று தலைக்கு மேலே

ஒரே வழி, ஒரே விமானம், ஆனாலும் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. காரணம் காற்று. விமானம் காற்றுக்குள் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்தக் காற்றே எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்துத் தரையின் மேல் அதன் வேகம் மாறும்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவதால்தான் கிழக்கே போக ஒரு நேரம், மேற்கே போக ஒரு நேரம் என்று சிலர் விளக்குவதுண்டு. பூமி சுற்றும்போது அதன் காற்றும் கூடவே சுற்றுகிறது, விமானமும் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது. சுழற்சி நேராக உங்கள் நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. அது காற்றோட்டங்களின் திசையை வகுக்கிறது, அந்தக் காற்றோட்டங்கள் உங்கள் நேரத்தை மாற்றுகின்றன.

ஐரோப்பா போகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. நடு அட்சரேகைகளில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வலுவான ஜெட் காற்று ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து லண்டன் போக ஏறக்குறைய 14 மணி நேரம், திரும்பி வர ஏறக்குறைய 13 மணி நேரம். இதைப் படித்தவர்கள் சென்னைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். மேற்கே போனால் எதிர்காற்று, கிழக்கே வந்தால் பின்காற்று என்று.

தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் நம் வழியில் நடப்பது நேர்மாறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, தமிழ்நாட்டில் அந்தக் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. அதே நாளில், அதே ஊரின் தலைக்கு மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் சூடேறுவதால் வடக்கே மேல்வானம் வெப்பமாகவும் நிலநடுக்கோட்டின் பக்கம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. வழக்கத்துக்கு மாறான இந்த வெப்ப வேறுபாடுதான் உயரத்தில் கிழக்குக் காற்றைப் பிறப்பிக்கிறது. இதை 1958இல் விரிவாக எழுதி உலகுக்கு அறியச் செய்தவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல் வீசும் இந்தக் கிழக்கு ஜெட் காற்று, இந்தியப் பருவமழையின் ஓர் உறுப்பு.

இது நம் பயணத்தில் எப்படித் தெரியும்? வழி நெடுக மணிக்கு 60 கிலோமீட்டர் அளவுக்கு இந்தக் காற்று துணை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்குப் போகும்போது தரையின் மேல் வேகம் 890, நேரம் 2 மணி 57 நிமிடம். திரும்பும்போது வேகம் 770, நேரம் 3 மணி 25 நிமிடம். ஏறி இறங்குவதைச் சேர்க்காமலேயே ஏறக்குறைய அரை மணி நேர வித்தியாசம், அதுவும் மேற்கே போவது சீக்கிரம். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது போன நஷ்டத்துக்குச் சரியாகிவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. காற்றே இல்லாத நாளில் போக வர 6 மணி 20 நிமிடம். காற்றோடு 6 மணி 22 நிமிடம். எதிர்காற்றில் நீங்கள் இருக்கும் நேரம் பின்காற்றில் இருக்கும் நேரத்தைவிட நீளம் என்பதால், போக வரச் சேர்த்துப் பார்த்தால் நிலையான காற்று எப்போதும் கொஞ்சம் நஷ்டமே தரும்.

காற்றும் தூரமும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்குக் கோலாலம்பூரின் பெயர் பதிந்த ஒரு சாதனையே இருக்கிறது. 1997 ஏப்ரலில் மலேசியா ஏர்லைன்ஸுக்கான போயிங் 777-200இ.ஆர் ஒன்று அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து எங்கும் இறங்காமல் கோலாலம்பூருக்குப் பறந்து வந்தது. பதிவான தூரம் 20,044 கிலோமீட்டர், நேரம் 21 மணி 23 நிமிடம். சியாட்டிலிலிருந்து கோலாலம்பூருக்குப் பெருவட்டத் தூரம் பசிபிக் வழியாக 13,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த விமானம் வேண்டுமென்றே எதிர்த்திசையில், கிழக்கு நோக்கி, உலகத்தின் நீண்ட பக்கத்தைச் சுற்றி வந்தது. உலகில் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவிலும் மிகக் குறைந்த வழி 20,000 கிலோமீட்டரை ஒட்டியே முடிந்துவிடும். அதற்கு மேல் போனால் மறுபக்க வழி கிட்டமாகிவிடும். ஆக 20,044 என்பது இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரமாக இருக்கவே முடியாது, பறந்த வழியின் நீளம் அது. நேரத்தால் வகுத்துப் பாருங்கள், சராசரி மணிக்கு 937 கிலோமீட்டர். அந்த வகை விமானம் காற்றில்லாத வானத்தில் சீராகப் பறக்கும் வேகத்தைவிட அதிகம். கிழக்கே ஓடும் ஜெட் காற்று வழி நெடுகத் தள்ளிக்கொடுத்த உதவி அதில் தெரிகிறது. 2005 நவம்பரில் ஹாங்காங்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுற்றி லண்டன் போன இன்னொரு 777 அதை முறியடித்தது. அது பறந்தது 21,602 கிலோமீட்டர்.

பணமும் மருந்தும்

எந்த அளவை எதற்கு என்பது சில இடங்களில் பணத்தையே தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அங்குள்ள விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமும் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டிய காரணத்தால் மிகவும் தாமதமானால் பயணிக்கு இழப்பீடு உண்டு, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை. பிரிட்டனும் இதே விதியைத் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது. தூரத்தைப் பெருவட்ட முறையில் அளக்க வேண்டும் என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. இடையில் விமானம் மாறிப் போனால்? முதல் ஊரிலிருந்து கடைசி ஊர்வரையிலான பெருவட்டம்தான் கணக்கு, சுற்றிப் போன தூரம் இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. 'வந்து சேர்ந்த நேரம்' எது என்பதற்கும் 2014இல் தீர்ப்பு வந்தது. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, விமானத்தின் ஒரு கதவாவது திறந்த நேரம். லண்டனிலோ பாரிஸிலோ படிக்கும் பிள்ளைகள் வீடு திரும்பும்போது தாமதமானால், கதவு திறந்த நேரத்தைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நம் வீடுகளில் இன்னும் அவசரமான தேவை வேறு. நேரம் பார்த்து இன்சுலின் போடுகிறவர்கள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்கும்போது டிக்கெட்டில் இருக்கும் உள்ளூர் நேரங்களைக் காட்டினால் போதாது. உண்மையில் கழியும் நேரத்தைச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் 9.00க்குப் புறப்பட்டு 10.30க்கு இறங்குகிறவரின் உடம்புக்கு அப்போது மதியம் 1.00 மணி. காலை மாத்திரைக்கும் மதிய மாத்திரைக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி கடிகாரத்தில் சுருங்கியிருக்கும், உடம்பில் சுருங்கியிருக்காது. கைக்கடிகாரத்தைப் பயணம் முடியும்வரை மலேசிய நேரத்திலேயே விட்டு வைப்பது இதற்கு எளிய வழி.

அப்புறம், கூட்டிப் போக வருகிறவர்கள். "எத்தனை மணிக்கு ஏர்போர்ட்டுக்கு வரட்டும்?" என்று திருச்சியிலிருந்து சித்தப்பா கேட்டால், டிக்கெட்டில் இருக்கும் வருகை நேரத்தை அங்குள்ள நேரமாகவே சொல்லுங்கள், எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். அது விமானம் நிறுத்தத்தில் நிற்கும் நேரம். கைபேசிச் செயலி 'இறங்கிவிட்டது' என்று காட்டுவது சக்கரம் தரையைத் தொட்டதை, அதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவே பத்து நிமிடம்கூட ஆகலாம். குடிநுழைவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் அதற்குப் பிறகுதான், அவற்றுக்குத் தனியாக ஒரு மணி நேரம் சேர்த்துச் சொன்னால் சித்தப்பா வாசலில் வெயிலில் நிற்க வேண்டியிருக்காது.